பம்ப் மாட்டிய பிறகுதான் வேலையே

சர்க்கரை நோய்க்கு இன்சுலினை உடம்புக்குள் செலுத்திக்கொண்டே இருக்கும் கருவியான இன்சுலின் பம்ப் மாட்டிவிட்டால் அப்புறம் அதுவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என்னுடையது நான் போட்டு வைத்த எண்ணைத்தான் கேட்கும். எனக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 40 யூனிட் இன்சுலின், தொடக்கக் கணக்குக்கு 500 என்ற எண்ணை நாள் மொத்தத்தால் வகுப்பது வழக்கம், 500-ஐ 40-ஆல் வகுத்தால் 12.5, அதனால் 12 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்று தொடங்கினோம். மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது, காலை இட்லிக்கு எடுபடவே இல்லை, 10 கிராமுக்கு 1 யூனிட் என்று மாற்றிய பிறகுதான் அடங்கியது.

விடியற்காலைதான் பெரும்பாடு. கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து, ஒரு வாய் சாப்பிடாமலே சர்க்கரையை ஏற்றிவிடும். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து, நடுவில் எழுந்து எழுந்து சர்க்கரை பார்த்து, மூன்று இரவுக் கணக்கை டாக்டரிடம் காட்டினேன். 4 மணிக்கு ஏறுகிறது என்றால் 3 மணிக்கு முன்பே பேசலை, அதாவது சாப்பாட்டுக்கு இல்லாமல் பம்ப் நாள் முழுக்க மெல்ல விட்டுக்கொண்டிருக்கும் இன்சுலினைக் கூட்ட வேண்டும் என்றார், உள்ளே போன இன்சுலின் வேலை செய்ய நேரம் வேண்டுமே.

ஒரே நாளில் எல்லா எண்ணையும் மாற்றாதீர்கள், தயவுசெய்து. திடீரென்று சர்க்கரை இறங்கினால் எதனால் இறங்கியது என்றே தெரியாது. இன்னொருவருடைய எண்ணை அப்படியே போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்து. எனக்கு அடுத்து சாயங்கால நடைக்கான தற்காலிக பேசல் பாக்கி இருக்கிறது.