கரைக்காற்றும் நான்கு பலகைகளும்

கடந்த மாதம் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, கைப்பேசியிலிருந்த ஒரு படத்தை அப்பாவிடம் காட்டினேன். 50 மீட்டர் நீளமுள்ள ஒரு யாட்ச், அதாவது சொகுசுப் படகு. அதன் மேல்தளத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் இறங்கும் காற்றடைத்த சறுக்கு. பின்பக்கத்தில் தண்ணீரில் ஓட்டும் மோட்டார் வண்டியான ஜெட்ஸ்கி இரண்டு, நின்றபடி துடுப்புப் போடும் பலகையான பேடில்போர்டு நான்கு, கையால் பற்றிக்கொண்டால் நீருக்கடியில் இழுத்துச் செல்லும் சீபாப் இரண்டு. இவற்றுக்கெல்லாம் பெயர் என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சேர்த்து 'வாட்டர் டாய்ஸ்' என்பார்கள், தண்ணீரில் விளையாடும் சாமான் என்றேன். குளச்சலுக்கு அருகே நாற்பது ஆண்டுகள் மரத்தில் போய்த் தொழில் செய்தவர் அவர். எங்கள் பக்கத்தில் கட்டுமரத்தை வெறுமனே மரம் என்றுதான் சொல்வோம். படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கடல்ல ஏதுலே வெளையாட்டுச் சாமான்?" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏழு ஆண்டுகளாக, மே முதல் செப்டம்பர் வரை, மத்தியதரைக் கடலில் வாடகைக்கு ஓடும் யாட்ச்களில் தளப் பணியாளனாக இருக்கிறேன். அந்தச் சாமான்கள் என் பொறுப்பு. காலையில் இறக்குவது, மாலையில் ஏற்றுவது, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுவது, மின்கலங்களை ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் மின்னேற்றி வைப்பது (லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் நடுக்கடலில் அணைப்பது எளிதல்ல) என்று வேலையை விவரிக்கலாம். ஆனால் எனக்கு உண்மையில் சம்பளம் தரப்படுவது, ஒரு வாரத்துக்குக் கோடி ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்து வந்திருப்பவரிடம், அவர் மனம் நோகாமல், "இப்போது வேண்டாம்" என்று சொல்வதற்குத்தான் என்பது இரண்டாம் ஆண்டில்தான் எனக்குப் புரிந்தது.

பயணிகள் ஏறிய முதல் நாளே அவர்களை உட்காரவைத்து விதிகளைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவோம். மது அருந்தியவர் இயந்திரச் சாமான் எதையும் தொடக் கூடாது; இருட்டிய பிறகு எதுவும் தண்ணீரில் இருக்கக் கூடாது; நீந்துபவர் அருகே ஜெட்ஸ்கி வரக் கூடாது; ஸ்கூபா சான்றிதழ் இல்லாதவருக்குக் காற்று உருளை கிடையாது; உடைத்தால் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. இவற்றைக் கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுப்பு வருவது உரிமம் என்ற சொல்லில்தான். இத்தாலியிலும் குரோவேஷியாவிலும் உரிமம் இல்லாமல் ஜெட்ஸ்கி ஓட்ட முடியாது. பிரான்ஸில் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் மணிக்கு 5 கடல்மைலுக்கு மேல் வேகம் கூடாது. சில யாட்ச்கள் இதற்காகவே பிரித்தானியாவின் ராயல் யாட்டிங் அசோசியேஷனில் பயிற்சி மையமாகப் பதிவு செய்துகொண்டு, பயணிகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்குகின்றன. அந்த ஏற்பாடு இல்லாத யாட்சில், "இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறேன், தம்பி" என்பவருக்கும் பதில் ஒன்றுதான்.

ஜெட்ஸ்கியைப் பற்றி மட்டும் நான் கூடுதல் நேரம் பேசுவேன். அதற்குச் சுக்கான் இல்லை. பின்னால் பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் அது திரும்புகிறது. ஆகவே வேகவிசையை விட்டுவிட்டால் திருப்பமும் போய்விடும். எதிரே ஏதேனும் தென்பட்டதும் பயந்துபோய் விசையை விட்டுவிட்டுக் கைப்பிடியைச் சட்டென்று திருப்புவதுதான் மனித இயல்பு. வண்டியோ நேராகப் போய் மோதும். அடுத்தது, மணிக்கட்டில் மாட்டும் சுருள்கயிறு. ஓட்டுபவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும். கில் கார்டு என்று அதற்குப் பெயர். நானாக இருந்தால் உயிர்க்கயிறு என்று வைத்திருப்பேன். அதைக் கைப்பிடியிலேயே சுற்றிவைத்துவிட்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கயிற்றை என் கையாலேயே மாட்டி, ஒரு முறை இழுத்து, இயந்திரம் நிற்பதைக் காட்டிய பிறகுதான் தளத்திலிருந்து தள்ளிவிடுவேன்.

வெகுநாள் சொல்லக் கூச்சப்பட்ட விதியும் ஒன்று உண்டு. ஜெட்ஸ்கியின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பின்பக்கமாக விழுந்தால், அந்தத் தண்ணீர்ப் பீய்ச்சல் உடலின் கீழ்ப்பகுதிக்குள் புகுந்து கடுமையான உள்காயம் உண்டாக்கும். ஆகையால் வெறும் நீச்சலுடை போதாது, வெட்சூட் எனப்படும் தடித்த ரப்பர் நீருடையின் கால்சட்டை அணிய வேண்டும். என் அத்தை வயதுள்ள ஒரு பெண்மணியிடம் இதை எந்தச் சொல்லால் சொல்வது? முதல் இரண்டு ஆண்டுகள், சூட்டுக்கு நல்லது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர்களும் வெயிலில் எதற்கு என்று கழற்றிப் போட்டார்கள். பிறகு, தயாரிப்பாளரே வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டை விரலால் சுட்டிக்காட்டி, "இதை ஒரு முறை படித்துவிடுங்கள், அம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டேன். படித்தவர் யாரும் கழற்றியதில்லை.

இவ்வளவு கவனமும் இயந்திரங்களின் மேல்தான் இருந்தது. நான் தவறியது மோட்டார் இல்லாத ஒரு பலகையில்.

மூன்றாம் ஆண்டு அது. மலையடிவாரத்தில் ஒரு சிறு குடாவில் நங்கூரமிட்டிருந்தோம். காலை ஒன்பது மணி. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பேடில்போர்டு கேட்டான். உயிர்காப்புச் சட்டையை மாட்டிவிட்டேன். பலகையையும் கணுக்காலையும் பிணைக்கும் கயிற்றை, அமைதியான தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். யாட்சுக்கும் கரைக்கும் இடையே போய்வரும் எங்கள் சிறு படகான டெண்டர் காய்கறி வாங்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தது. ஆள் தண்ணீரில் இருந்தால் டெண்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நான்தான் மற்றவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுகிறவன். சறுக்கின் கயிறுகளைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, பையன் இருநூறு மீட்டருக்கு அப்பால் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். முகம் எங்களைப் பார்த்தே இருந்தது. பலகை மட்டும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜெட்ஸ்கியில் போய் அவனை ஏற்றிவந்தேன். அவனுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்குத்தான் சாவியைத் திரும்பக் கழற்றும்போது விரல் நிலைகொள்ளவில்லை.

கேப்டன் சத்தம் போடவில்லை. நடந்ததைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு, "அப்போது நம் படகின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது?" என்று மட்டும் கேட்டார். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீரோட்டம் வலுவாக இல்லாத இடத்தில், நங்கூரத்தில் கிடக்கும் படகு காற்று வரும் திசைக்குத்தான் மூக்கைத் திருப்பும். அப்படியானால் காற்று மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகிறது, விளையாடுபவர்கள் இறங்கும் பின்தளமோ திறந்த கடலைப் பார்த்து இருக்கிறது. கரையிலிருந்து அடிக்கும் காற்று கரையோரத்தில் அலை எழுப்பாது. நான் அமைதி என்று நினைத்தது அதைத்தான்.

அந்தக் காற்றை எனக்குத் தெரியாதா? விடியலில் கரைக்காற்றில் பாய் விரித்து உள்ளே போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்புவதுதான் தாத்தா காலத்துத் தொழில். வெள்ளாப்பில் அம்மா கட்டுச்சோறு கொடுத்துவிடும்போது, முதுகில் படும் குளிர்ச்சியை வைத்தே இன்று மரம் எவ்வளவு நேரத்தில் கண்மறையும் என்று சொல்லக்கூடிய கரையில் வளர்ந்தவன் நான். அதே காற்று வேறொரு கடலில், நீலத் தண்ணீரின் மேல், விளையாட்டுச் சாமான் என்ற பெயரைச் சுமந்த ஒரு பலகையைத் தள்ளியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பயணிகளை ஏமாற்றுகிறது என்று நான் குறைசொல்லிவந்த அந்தப் பெயர் என்னையும் ஏமாற்றியிருந்தது. அமைதியாகத் தெரியும் கடலை நம்பக் கூடாது என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் சான்று தேட வேண்டியதில்லை. உள்ளூரில் காற்றே இல்லாமல் எங்கிருந்தோ வந்து ஏறும் கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை வந்திருந்த 2024 மே மாத நாட்களில்தான், லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள்.

அதன் பிறகு என் முதல் நாள் பேச்சில் ஒரு வரி கூடியது: "படகின் மூக்கு மலையைப் பார்த்தால் பலகை இறங்காது." பெரியவர்கள் இதற்கு விளக்கம் கேட்பார்கள். குழந்தைகள் கேட்பதில்லை, மறுநாள் காலையில் முன்தளத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "இன்று போகலாம்" என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது, தண்ணீர் கண்ணாடி போல இருந்தது என்ற இடத்திலேயே மறித்தார்.

"கரக்காத்தா?"

"ஆமா அப்பா."

"பலகையில பாய் உண்டா?"

"இல்ல."

"நங்கூரமாவது உண்டா?"

"இல்ல அப்பா."

"பெறவு என்ன தைரியத்துல மக்களே பயல விட்ட?"

வரும் பருவத்துக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை இரண்டு நாளுக்கு முன் கேப்டனுக்கு அனுப்பினேன். பேடில்போர்டு என்ற தலைப்பின் கீழ், ஒன்றரைக் கிலோ எடையுள்ள மடக்கு நங்கூரம் நான்கு, கயிற்றோடு, என்று எழுதியிருக்கிறேன்.