மணிலா விவசாயிகள் நாங்கள் ஒரு நிறுவனம் தொடங்கிய அனுபவம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் மானாவாரியாக மணிலா (நிலக்கடலை) போடும் எங்கள் பகுதியில் விதைதான் பெரிய செலவு. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பாவது வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு முன்பு அதை ரொக்கம் கொடுத்து வாங்க முடிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் வியாபாரியிடம் கடனாக வாங்குவார்கள். மணிலா பிடுங்கியதும் காய் அவருடைய களத்துக்கே போகும், விலையும் அவர் வைத்ததுதான். இந்தப் பிடியிலிருந்து வெளியே வரத்தான், விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினோம். இப்போது முயற்சியில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

பத்து விவசாயிகள் இருந்தாலே உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். 2002ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத் திருத்தத்திலிருந்தே இதற்கு இடமுண்டு. ஆனால் மத்திய அரசு 2020இல் அறிவித்த, இப்படி 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தின் உதவியைப் பெற, சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது. உறுப்பினர் செலுத்தும் பங்குத்தொகைக்கு ஈடாக, தலைக்கு 2,000 ரூபாய்க்கு மிகாமல், நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சம் வரை பங்கு மானியமும் இருந்தது.

பங்கு வசூல்தான் எங்களை அதிகம் அலைய வைத்தது. "அரசாங்கம் இவ்வளவு தரும்போது எங்களிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று எல்லா ஊரிலும் கேட்டார்கள். நாம் போடுகிற அளவுக்குத்தான் மானியம் வரும், நாம் போடாவிட்டால் அதுவும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. பால் பணம் வரும் நாளன்று இரண்டு தவணையாகக் கொடுத்தவர்களும் உண்டு. வாங்கிய இடத்திலேயே ரசீது எழுதிக் கொடுத்தோம். கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர்களும், கணக்கை நீட்டிக் கேள்வி கேட்பவர்களும் இப்படிச் சிறுகச் சிறுகப் பணம் கட்டியவர்கள்தான். மானியத்தை எதிர்பார்த்து யாரோ ஒருவர் எல்லோர் பங்கையும் தானே கட்டிவிடும் நிறுவனம் நிலைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

உறுப்பினர் சேர்க்கையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "தம்பி, பட்டா என் மாமனார் பேரில் இருக்கிறது. என்னை எப்படிச் சேர்ப்பாய்?" என்று ஓர் அம்மா கேட்டார். விதைப்பு முதல் காய் ஆய்வது வரை அந்த நிலத்தில் பாடுபடுவது அவர்தான். சட்டம் கேட்பது உற்பத்தியில் ஈடுபடுகிறாரா என்பதை, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அல்ல. கால்நடை வளர்ப்பும் அதில் அடங்கும். குத்தகைக்குப் பயிரிடுபவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கினோம். ஆடு வளர்க்கும் பெண்களையும் சேர்த்தோம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு என்பதால் அந்த அம்மாவின் சொல்லுக்கும் பத்து ஏக்கர்க்காரர் சொல்லுக்கும் ஒரே எடை.

பதிவு வேலையை ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். எங்களைத் தாமதப்படுத்தியது இயக்குநர்களின் பெயர். ஆதாரில் முன்னெழுத்து, பேன் கார்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி என்று இருந்தால் பதிவுக்குத் தேவையான டிஜிட்டல் கையொப்பம் கிடைப்பது இழுபறிதான். ஐந்து இயக்குநர்களாவது வேண்டும். ஆகவே அவர்களைத் தேர்ந்தெடுத்த உடனே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். பதிவுச் சான்று வந்த பிறகு 90 நாட்களுக்குள் முதல் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். உறுப்பினர்களில் கால்வாசிப் பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். களையெடுப்பு நேரத்தில் தேதி வைத்தால் யாரும் வரமாட்டார்கள். முழுநேர முதன்மை நிர்வாகி உறுப்பினராக இருக்கக் கூடாது என்பதால் வேளாண்மை படித்த வெளியூர் இளைஞர் ஒருவரை நியமித்தோம்.

வேளாண்மைத் துறையில் விதை விற்பனை உரிமம் வாங்கியதும், சான்று பெற்ற விதையை மொத்தமாக எடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். மொத்தமாக எடுத்ததில் விலையும் குறைந்தது. விதைக்காக வியாபாரி வீட்டு வாசலில் நிற்காமல் பட்டத்தைத் தொடங்கியதே எங்களுக்குப் பெரிய மாற்றம்.

அடுத்தது விற்பனை. முன்பெல்லாம் வியாபாரி ஒரு கைப்பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்கி, "இன்னும் காயவில்லை" என்று சொல்லி மூட்டைக்கு இவ்வளவு என்று கழித்துவிடுவார். அவருடைய காதை மீறிப் பேச எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. நிறுவனத்தில் ஈரப்பதமானி வாங்கி உலர்களத்திலேயே மேசை போட்டு வைத்தோம். 8 அல்லது 9 சதவீதம் காட்டினால் மூட்டை தைக்கலாம். 12 காட்டினால் யாரும் சொல்லாமலே உறுப்பினர் சாக்கை அவிழ்த்துக் களத்தில் கொட்டிவிடுகிறார். நன்றாகக் காய்ந்த காயில் பூஞ்சை பிடிக்காது, எண்ணெய் ஆலைக்காரர்களும் விரும்பி வாங்குகிறார்கள். ஒரே தரமாகப் பிரித்த காயைப் பெரிய குவியலாக ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு போனபோது, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிப் போடும் மறைமுக ஏலத்தில் வெளியூர் வியாபாரிகளும் விலை எழுதினார்கள். தனி ஆளாக நாலு மூட்டை கொண்டு போன காலத்தில் எங்களுக்கு அப்படி நடந்ததே இல்லை. ஆண்டு முடிவில் மிஞ்சும் தொகையில், யார் எவ்வளவு காய் கொடுத்தார்களோ அந்த அளவுக்கு ஊக்கத்தொகை பிரித்துக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதைச் சொன்ன பிறகு, ஒதுங்கி நின்ற சிலரும் காயை எங்களிடமே கொண்டு வந்தார்கள்.

தொடங்கப் போகிறவர்கள் செலவுக் கணக்கில் ஆடிட்டர் கட்டணத்தை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். வியாபாரமே நடக்காத ஆண்டிலும் நிதிநிலை அறிக்கையையும் ஆண்டு அறிக்கையையும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும். அது போவது உறுப்பினர்களின் பங்குப் பணத்திலிருந்துதான். பங்குத்தொகை, மானியம், வியாபாரப் பணம் மூன்றுக்கும் தனித்தனிப் பேரேடு வையுங்கள். எந்த உறுப்பினர் எப்போது வந்து கேட்டாலும் அங்கேயே விரித்துக் காட்டுங்கள்.