வழிகாட்டி இல்லாமல் குளிர்கால வரையாட்டு வேட்டை: நியூசிலாந்துப் பயணத் தயாரிப்பு, இதுவரை

ஜூன் கடைசியில் நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போய், இமயமலை வரையாட்டுக் கிடாவைத் தேடி நானும் நண்பரும் மலையேறப் போகிறோம். வழிகாட்டி கிடையாது. எங்கள் சுமை எங்கள் முதுகில்தான். தயாரிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

இந்த வேட்டையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், இது அந்த மலைக்கும் தேவையான வேலை. வௌவாலைத் தவிர உள்நாட்டுத் தரைப் பாலூட்டியே இல்லாத நாடு அது. 1904-ல் மவுண்ட் குக் பகுதியில் விட்ட சில இமயமலை வரையாடுகள் பெருகி, மேய்ச்சலுக்குப் பழகாத மலைப்புல்லையும் செடிகளையும் தின்று தீர்த்தன. 1993-ல் வந்த கட்டுப்பாட்டுத் திட்டம் மொத்த எண்ணிக்கைக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்தது. அதனால்தான் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, திறந்த பகுதிகளில் வேட்டையாட இணையத்திலேயே இலவசமாக அனுமதி தருகிறது. வெளிநாட்டவரும் வழிகாட்டி இல்லாமல் போகலாம். கிடாக்களை மட்டும் பார்க்காமல் பெட்டைகளையும் சுடும்படி வேட்டைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். நாங்களும் இறைச்சிக்குப் பெட்டையைத்தான் எடுக்கப் போகிறோம்.

குளிர்காலம் ஏன் என்றால், கிடாவின் பிடரி மயிர் ஜூன், ஜூலையில்தான் முழுசாக அடர்ந்து தொங்கும். இணைசேரும் காலமும் அதை ஒட்டியே வருவதால், மற்ற நாட்களில் தனியாக ஒதுங்கித் திரியும் பெரிய கிடாக்கள் பெட்டைக் கூட்டத்தைத் தேடி வரும். இதற்குக் கொடுக்கும் விலை பகல் வெளிச்சம். அந்த அட்சரேகையில் ஜூன் கடைசியில் 9 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆழமான பள்ளத்தாக்கில் வெயில் இன்னும் சீக்கிரம் மறையும்.

எங்கே போவது என்பதற்குத்தான் நிறைய நேரம் செலவழித்தோம். கடைசியில் ஓஹாவ் ஏரிக்கு மேலே உள்ள ஹாப்கின்ஸ் பள்ளத்தாக்கு என்று முடிவானது. ஆற்றோரமாகவே மேலே நடக்கலாம், ரெட் ஹட், எல்கோ ஹட் என்று தங்குமிடங்கள் உண்டு, வானிலை கெட்டால் பீச் மரக்காட்டுக்குள் இறங்கிவிடலாம். வரைபடத்தில் சரிவுக் கோணத்துக்கு நிறம் பூசிப் பார்த்தால் மலையே வேறு மாதிரித் தெரிகிறது. 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம். அந்த நிறம் படிந்த ஓடைகளையெல்லாம் முதலிலேயே அடித்துவிட்டோம். பாறையே சுவராக நிற்கும் இடங்களையும் அடித்தோம். மிஞ்சியவைதான் எங்கள் வேட்டை நிலம். நிறையவே சுருங்கிவிட்டது, எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒவ்வொரு சரிவுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: ஆடு அங்கே விழுந்தால் போய் எடுக்க முடியுமா? வரையாடு நிற்கும் இடத்தைப் பார்த்தால் சுடுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் சுட்டதும் உருண்டு, பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க உறைந்த புல்லில் இறங்கும்போதுதான் ஆள் வழுக்குகிறான். தெற்கு அரைக்கோளம் என்பதால் வெயில் விழுவது வடக்குப் பார்த்த சரிவில். பனி சீக்கிரம் உருகிப் புல் தெரிவதும் அங்கேதான், ஆடு வெயில் காய்வதும் அங்கேதான். ஆனால் எதிரே நின்று பைனாகுலரில் தேடுகிற நாம் நிழலில், இறுகிய பனியில் இருப்போம். கிராம்பானும் (ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்) பனிக்கோடாரியும் அப்போதுதான் வேண்டும். அதனால் எதிர்ச்சரிவைப் பார்த்துத் தேட நாங்கள் நிற்கும் இடங்களைப் பள்ளத்தாக்கின் அடியிலேயே குறித்துவைத்தோம்.

சுடும் பயிற்சியில் கோணத்தைத்தான் கவனிக்கிறேன். 30 டிகிரி மேல்நோக்கி 300 மீட்டர் என்றால், தோட்டா எவ்வளவு கீழிறங்கும் என்பதற்குக் கணக்கு 260 மீட்டர்தான். மேட்டிலும் பள்ளத்திலும் இலக்கு வைத்து, மூச்சு வாங்க ஏறிய கையோடு, பையின் மேல் ரைஃபிளைச் சாய்த்துச் சுட்டுப் பார்த்தேன். 250 மீட்டருக்குள் என்றால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு மேல் சுடமாட்டேன் என்று நண்பரிடம் சொல்லியும் விட்டேன்.

அடுப்பையும் உறைகுளிரில் சோதித்தோம். சாதாரண பியூட்டேன் −0.5 டிகிரியில்தான் ஆவியாகும், அதற்குக் கீழே சிலிண்டரில் வாயு வராது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த சிலிண்டரைத் தலைகீழாக வைத்து எரிக்கும் அடுப்பு, பனியை உருக்கித் தண்ணீர் ஆக்கும்வரை தொய்யாமல் எரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு எரிபொருள் என்று எடைபோட்டுக் குறித்துக்கொண்டேன். மொத்தக் கணக்கும் அதிலிருந்துதான். ஷூவை இரவில் உறையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்ததும் பலித்தது: காலையில் கால் நுழைந்தது.

அப்புறம் காகித வேலை. வெளிநாட்டவருக்கான துப்பாக்கி உரிமத்துக்கு நம் நாட்டு உரிமத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்துக்கு விடாமல் நல்ல அவகாசம் வைத்து விண்ணப்பித்துவிட்டோம். விமானத்தில் ஒருவருக்குத் தோட்டா 5 கிலோவுக்கு மேல் கூடாது, துப்பாக்கியோடு சேர்த்து வைக்கவும் கூடாது. இடையில் இறங்கும் நாட்டிலும் துப்பாக்கிக்குத் தனி அனுமதி தேவைப்படலாம், டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஷூ, கூடார முளை எல்லாவற்றிலும் மண் ஒரு துளி இருக்கக்கூடாது, நாட்டுக்குள் நுழையும்போது இவற்றை அறிவித்தே ஆக வேண்டும்.

பனிச்சரிவில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேடும் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீள்கோல், தோண்டியெடுக்க மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒரு செட் வாங்கியாயிற்று, தேடிப் பழகியும் வருகிறோம். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியும் பையில் ஏறிவிட்டது. வடமேற்குக் காற்று மழையோடு வந்தால் பனி இளகும், ஹாப்கின்ஸ் ஆறும் சில மணி நேரத்தில் கடக்க முடியாத அளவு ஏறிவிடும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் சில நாட்களைச் சும்மா விட்டுவைத்திருக்கிறோம், அவற்றில் எந்தத் திட்டமும் போடவில்லை. உரிமம் கைக்கு வந்ததும், எந்த ஹட்டில் எந்த இரவு என்ற பட்டியலை வீட்டில் ஒருவரிடம் கொடுப்பதும், எத்தனை மணிக்குச் செய்தி வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்று சொல்லிவைப்பதும்தான் பாக்கி.