56 மணி நேரத்துக்கு எவ்வளவு கூலி?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுட்டே இருந்த விஷயம் இது. என் பையன் டோனர் கருமுட்டையில, அதாவது வேற ஒரு பொண்ணு குடுத்த கருமுட்டையில பிறந்தவன், இப்ப அவனுக்கு 9 வயசு. அப்ப ஆஸ்பத்திரியில குடுத்த பில் இன்னும் என் ஃபைல்ல இருக்கு, ஊசி, ஸ்கேன், லேப்னு எல்லாத்தையும் பைசா வரைக்கும் பிரிச்சுப் போட்டவங்க "டோனர் சார்ஜ்"னு மட்டும் ஒத்த வரியில ஒரு தொகையைப் போட்டிருந்தாங்க. இதுல அந்தப் பொண்ணு கைக்கு எவ்வளவு போகும்னு கேட்டதுக்கு, அதெல்லாம் நாங்க சொல்ல முடியாது மேடம்னுட்டாங்க.

அந்தத் தொகையை எப்படித்தான் முடிவு பண்றாங்கன்னு தேடிப் படிச்சப்போ அமெரிக்கக் கணக்கு ஒண்ணு கிடைச்சுது. 1993ல அங்க ஒரு மதிப்பீடு போட்டிருக்காங்க, விந்து குடுக்கிறவருக்கு ஒரு மணி நேரம் ஆகுது, 25 டாலர் தர்றாங்க, கருமுட்டை குடுக்கிற பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில 56 மணி நேரம் ஆகுது, அப்ப 56ஐ 25ஆல பெருக்கினா 1,400 டாலர். 2000ல அந்த நாட்டு இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தோட நெறிமுறைக் குழு இதே கணக்கை 60லேர்ந்து 75 டாலர்னு வச்சுப் போட்டா 3,360லேர்ந்து 4,200 வரைக்கும் வந்துச்சு. பொண்ணுங்களுக்குச் சிரமம் அதிகம்ங்கிறதால 5,000 வரைக்கும் தரலாம், அதுக்கு மேல போனா காரணம் சொல்லணும், 10,000 தாண்டினா சரியில்லைன்னு முடிவு பண்ணாங்க. இது விலையை ஒண்ணு கூடி அமுக்கி வைக்கிற வேலைன்னு 2011ல டோனர்கள் தரப்புல கலிஃபோர்னியாவுல கேஸ் போட்டாங்க, 2016ல சமரசமாகி அந்தத் தொகைகளை விதியிலேர்ந்து எடுத்துட்டாங்க.

எனக்கு உறுத்துறது அந்த 56தான். டோனருக்குப் போறதுக்கு முன்னாடி என் சொந்தக் கருமுட்டைக்கு ரெண்டு தடவை முயற்சி பண்ணோம், அதனால கருமுட்டை நிறைய வளரணும்னு போடுற அந்த ஊசி எனக்கும் தெரியும். பத்துப் பன்னெண்டு நாள் தினமும் வயித்துல குத்திக்கணும், ரெண்டாவது தடவை வயிறு உப்பி மூச்சு விடவே கஷ்டமாகி ராத்திரி பூரா உக்காந்தே இருந்தேன், ஊசி ஒத்துக்காம சினைப்பை வீங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. அந்த ராத்திரியெல்லாம் எந்த 56 மணி நேரத்துல வரும்? ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினதும் நின்னுபோற கடிகாரத்தை வச்சு ஒரு உடம்போட பாட்டை அளக்க முடியாது.

வாடகைத் தாய்க்கு அமெரிக்காவுல மணிக்கணக்கு இல்ல, ஒப்பந்தம். அடிப்படைத் தொகையை மாசாமாசம் பிரிச்சுத் தருவாங்க, ரெட்டைக் குழந்தைன்னா கூடுதல், சிசேரியன்னா கூடுதல், படுக்கையிலயே இருக்கணும்னா வேலைக்குப் போகாம இழந்த சம்பளம். இங்க இந்தியாவுல 2021ல வந்த சட்டங்களுக்கு அப்புறம் காசு வாங்கிட்டு வாடகைத் தாயா இருக்கிறதே குத்தம், மருத்துவச் செலவும் 36 மாச இன்சூரன்ஸும்தான். கருமுட்டை குடுக்கிறவங்களுக்கு 12 மாச இன்சூரன்ஸ், வாழ்க்கையில ஒரே தடவை, 7 முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது. ஏழைப் பொண்ணுங்களைச் சுரண்டக் கூடாதுங்கிற நோக்கம் நல்லதுதான், 2022ல ஈரோட்டுல 16 வயசுப் பொண்ணோட கருமுட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்து வித்ததைப் படிச்சிட்டு நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. ஆனா சுரண்டலைத் தடுக்கிறதும் கூலியே இல்லன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல.

சட்டம் வர்றதுக்கு முன்னாடியே, 2017ல, நாடாளுமன்ற நிலைக்குழு இதைத் தெளிவா சொல்லிச்சு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு போகும்போது சுமக்கிறவ மட்டும் ஏன் சும்மா சுமக்கணும்னு கேட்டு, இழந்த கூலி, சத்தான சாப்பாடு, கர்ப்ப காலத்துத் துணி, பிரசவத்துக்கு அப்புறம் கவனிப்பு, அவ பிள்ளைங்களைப் பாத்துக்கிற செலவுன்னு வரிசையாப் பட்டியலே போட்டாங்க. நான் படிச்சதுலயே பொண்ணோட வீட்டுக்குள்ள எட்டிப் பாத்த ஒரே கணக்கு அதுதான், அரசு அதை எடுத்துக்கலை.

என் பையனுக்கு முட்டை குடுத்தவளுக்கும் வீட்டுல ஒரு குழந்தை இருந்துச்சுன்னு மட்டும் நர்ஸ் ஒருத்தங்க சொன்னாங்க. அவ ஊசி போட்டுக்க வந்த நாளெல்லாம் அந்தக் குழந்தையை யார் பாத்துக்கிட்டாங்களோ, அதுக்கு என் பில்லுல வரியே கிடையாது.