பிள்ளைக்கு ஆன்லைன் அக்கவுண்ட்: கார்டைத் தொடாமல் முடிக்கும் வழி

"அக்கவுண்ட் ஆரம்பிச்சா கார்டு நம்பர் கேட்குமே" என்று பயந்து பல வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்கிறார்கள். மெயில், வீடியோ, சாட், கேம் என எதைத் திறந்தாலும் பெரும்பாலும் கார்டே தேவைப்படாது. அக்கவுண்ட் திறப்பது ஒரு வேலை, அதில் பணம் கட்ட வழி செய்வது வேறு வேலை. முதல் வேலையை மட்டும் முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

பிறந்த தேதியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரத்தைப் பெற்றோர் அனுமதியில்லாமல் வாங்கக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் சட்டம் போட்டது. பல நிறுவனங்கள் 13ஐ எல்லையாக வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். சில நாடுகளில் எல்லை இன்னும் கூடுதல். அவசரத்தில் பிறந்த வருடத்தைத் தவறாகத் தட்டி வயது எல்லைக்குக் கீழே போய்விட்டால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளலாம். திறக்க வேண்டுமென்றால் பெரியவர்தான் என்று காட்ட அடையாள அட்டையோ கார்டோ கேட்கும். எந்தக் கார்டுக்குப் பயந்தோமோ அதுவே வந்து நிற்கும். அதனால் சரியான தேதியைப் பக்கத்தில் உட்கார்ந்து போடவையுங்கள்.

பிள்ளை எல்லைக்குக் கீழே இருந்தால் உங்கள் அக்கவுண்ட் வழியாகத்தான் திறக்க வேண்டும். கூகுளில் அதற்கு ஃபேமிலி லிங்க், ஆப்பிளில் ஃபேமிலி ஷேரிங். அனுமதி தருபவர் பெரியவர்தானா என்று பார்க்க இங்கே சில நாடுகளில் கார்டு கேட்பது உண்மை. சிறு தொகையைப் பிடித்துவைத்துப் பிறகு விட்டுவிடுவார்கள். நீங்களே செட்டிங்ஸுக்குள் போய் அந்தத் திரைக்கு வந்திருந்தால் கொடுக்கலாம். சாட்டில் வந்த லிங்க்கைத் தட்டி, "இலவச காயின் பெற வயதை உறுதிசெய்யுங்கள்" என்று கேட்கும் பக்கத்துக்கு வந்திருந்தால் உடனே மூடிவிடுங்கள். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை வைத்து எதையும் நம்பாதீர்கள். திருட்டுத் தளத்துக்கும் அது கிடைக்கும். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக நிற்கும் பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர்; accounts.google.com/ என்றிருந்தால் அது google.com.

ஆப்பிளில் பேமென்ட் திரை வந்தால் 'நன்' (None, எதுவும் வேண்டாம்) என்ற தேர்வைத் தேடுங்கள். பழைய பாக்கியோ ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவோ இருந்தால் அது தென்படாது. கூகுள் ப்ளேயில் இலவச ஆப் இறக்கும்போது கார்டு சேர்க்கச் சொன்னால் 'ஸ்கிப்' தட்டினால் போதும். மீட்புக்கான போன் நம்பராக உங்களுடையதைக் கொடுத்து, பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் நாள் வரும்போது கிஃப்ட் கார்டுதான் எங்கள் முதல் தேர்வு. நம்பர் திருடு போனாலும் நட்டம் அதிலிருக்கும் தொகையோடு நின்றுவிடும். அடுத்தது, உச்சவரம்பு வைத்த விர்ச்சுவல் கார்டு, அதாவது கையில் அட்டை இல்லாமல் நம்பராக மட்டும் கிடைக்கும் கார்டு. டெபிட் கார்டு வேண்டவே வேண்டாம். மோசடி நடந்தால் போவது உங்கள் சேமிப்பு. கிரெடிட் கார்டில் வங்கியிடம் முறையிட்டு நிறுத்த அவகாசம் உண்டு.

திருடனைவிட வீட்டிலுள்ள போனில் சேமித்து வைத்த கார்டுதான் பலருக்குச் செலவு வைத்திருக்கிறது. பாஸ்வேர்டு ஒருமுறை போட்டால் அடுத்த 15 நிமிடத்துக்குத் திரும்பக் கேட்காமல் பிள்ளைகள் கேமில் வாங்கித் தள்ளிய விவகாரத்தில், ஆப்பிள் 2014இல் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிட்டு, பெற்றோர் ஒப்புதலையும் போடுங்கள். ஆப்பிளில் அதன் பெயர் 'ஆஸ்க் டு பை'. பிள்ளை பயன்படுத்தும் பிரவுசரில் கார்டு சேமிக்கப்பட்டிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.

ஓடிபி வந்தால் ஆறு எண்ணை மட்டும் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். கடைப் பெயரும் தொகையும் அதே செய்தியில் இருந்தால் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து இடித்தாலும் போடக் கூடாது. கார்டின் இருபுறமும் போட்டோ கேட்பவர் யாராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். பின்னாலுள்ள சிவிவி எண்ணைப் பணம் எடுத்த பிறகு சேமித்து வைக்கவே வணிகர்களுக்கு அனுமதி கிடையாது.

தெரியாத சிறு தொகை ஒன்று கழிந்திருந்தால் அலட்சியம் வேண்டாம். திருடியவர்கள் கார்டு வேலை செய்கிறதா என்று அப்படித்தான் சோதிப்பார்கள். முதலில் அக்கவுண்டின் வாங்கிய பட்டியலைப் பாருங்கள். பிள்ளை வாங்கியதென்றால் அந்த நிறுவனத்திடமே பணம் திரும்பக் கேளுங்கள். அதை மோசடி என்று வங்கியில் புகார் செய்தால் பிள்ளையின் அக்கவுண்டே முடங்கலாம். பட்டியலில் இல்லையென்றால் அன்றே கார்டை பிளாக் செய்யுங்கள். ஆனால் சந்தாக்களைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. கார்டை மாற்றினாலும் சில நேரம் புது நம்பருக்குத் தானாகத் தாவிவிடும். இலவசச் சோதனைக் காலம் ஓடினால் அது முடிய ஒரு நாளுக்கு மேல் இருக்கும்போதே ரத்து செய்துவிடுங்கள்.