ஆறு மாதத்துக்கு ஒரு வக்கீல் தேடியபோது

எங்கள் வக்கீல் அலுவலகத்தில் சிவில் வழக்குக் கட்டுகளைப் பார்த்துவந்த தோழி பிரசவத்துக்குப் போனார். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் மட்டும் நாற்பது கட்டுகள். ஆறு மாதத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்ததில், எட்டு வருட அனுபவமுள்ள ஒருவர் கிடைத்தார். பீஸ் ஒரே பேச்சில் முடிந்தது. மறுநாளே ஒரு பாகப்பிரிவினைக் கட்டைக் கையில் கொடுத்தோம். நம் கட்சிக்காரரான ஓர் அம்மா பிரதிவாதி, அதாவது வழக்குத் தொடரப்பட்டவர். வழக்குக்கு அவர் தரும் எழுத்துப் பதிலான எதிர்வழக்குரைக்குச் சம்மன் வந்ததிலிருந்து 30 நாள். அதில் எட்டு நாள் போயிருந்தது.

நான்காம் நாள் அந்த அம்மா வந்தார். வழக்குக்கு முன்பு எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து தனக்கு வந்த நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்தார். லெட்டர்பேடின் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் ஜூனியர்கள் பெயர். அதில் விரலை வைத்து, “இது இப்ப வந்திருக்காகளே, அவுக பேருதானே சார்?” என்றார்.

புதிதாக வந்த வக்கீலே அதைப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். “டிராப்ட் நான்தான் போட்டேன் சார். அந்த ஆபீஸை விட்டு ஒரு வருஷமாச்சு, ஞாபகமே இல்லை.” அவர்மேல் தப்பில்லை. கட்சிக்காரர் பெயரைக்கூடச் சொல்லாமல் கட்டைக் கொடுத்தது நாங்கள். பார் கவுன்சில் விதி 33-ன்படி ஒரு தரப்புக்கு வேலை செய்தவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு வரக்கூடாது. அன்றே கட்டைத் திருப்பித் தந்து, படித்ததை யாரிடமும் பேசமாட்டேன் என்று எழுதியும் கொடுத்தார். ஆனாலும், “நான் சொன்னதெல்லாம் அவுக படிச்சுட்டாகளா?” என்று அந்த அம்மா கேட்டபோது ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, ஆள் எடுப்பவர்கள் பீஸ் பேசுவதற்கு முன்பே நிலுவைக் கட்டுகளின் எதிர்த்தரப்புப் பெயர்களையும் அவர்களுடைய வக்கீல் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். இதுவரை எந்தெந்த சீனியரிடம் இருந்தார் என்று கேளுங்கள். அதுவரை கட்டைப் பிரிக்க விடாதீர்கள்.

அடுத்து வந்தவரிடம் அப்படித்தான் செய்தோம். அரை மணி நேரம்தான் ஆனது. அப்புறம் வக்காலத்து, அதாவது தன் சார்பில் வழக்கு நடத்தக் கட்சிக்காரர் வக்கீலுக்குக் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரப் பத்திரம். இவர் பெயரைச் சேர்க்காமல் இவர் கையெழுத்தில் போட்ட ஒரு மனு ரிட்டர்ன் ஆகி வந்தது. குமாஸ்தா அண்ணன் நாற்பது கட்சிக்காரர்களையும் வரிசையாகக் கூப்பிட்டுப் புது வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது.

நீதிமன்றம் 90 நாள் வரை அவகாசம் தரலாம்தான். கேட்க வேண்டியிருக்கவில்லை. 29-ஆம் நாள் எதிர்வழக்குரை தாக்கலானது.