மூன்று லட்சத்துக்குள் ஒரு பழைய கார்

அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். வீடு கும்பகோணத்தில், ஆரம்பத்திலிருந்து அவரைப் பார்க்கும் டாக்டர் தஞ்சாவூரில். போக 40 கிலோமீட்டர், வர 40. காலையில் பஸ்ஸில் போய்விடலாம். நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்த மனிதரைத் திரும்பப் பஸ்ஸில் ஏற்றுவதுதான் பாவமாக இருந்தது. வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. 2024 கோடையில் கணக்குப் போட்டபோது, நகைச்சீட்டு முடிந்து வந்ததும் தம்பி கொடுத்ததும் சேர்ந்து மூன்று லட்சம் தேறியது. கடன் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் அதிகம்.

எனக்கு வேண்டியது நடுவழியில் நிற்காத வண்டி. பாபநாசம் தாண்டி நடுரோட்டில் நின்றுபோனால், பின்சீட்டில் களைத்துக் கிடக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மைலேஜ், கலர், மாடல் எல்லாம் இதற்கு அப்புறம்தான். இப்படி நினைத்ததால் பல விஷயங்களில் முடிவெடுப்பது சுலபமாயிற்று.

முதலில் பணம். மூன்று லட்சத்தில் இரண்டரை லட்சம்தான் வண்டிக்கு. மீதி 50 ஆயிரம் வாங்கிய பிறகு செய்யும் வேலைக்கும், பெயர் மாற்றத்துக்கும், இன்ஷூரன்சுக்கும். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும், பத்து வருஷ வண்டி என்றால் டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் இவற்றில் ஒன்றிரண்டாவது செலவு வைக்கும். கையில் இருப்பதை எல்லாம் விலையாகக் கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரோடு ஓட்டுகிற பலரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எந்த வண்டி. எங்கள் தெரு முனையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் முதலிலேயே டீசலைத் தள்ளிவிட்டார். "மாசம் எழுநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் எதுக்கும்மா? இன்ஜெக்டர், டர்போன்னு ஒண்ணு போச்சுன்னா நீ ஒதுக்கி வச்ச அம்பதாயிரமும் காலி." சரிதான் என்று பெட்ரோலுக்கு வந்தோம். இந்தியாவை விட்டுப் போன கம்பெனிகளின் வண்டிகள் அந்த விலைக்கு அழகாகக் கிடைத்தன. செவர்லே 2017-ஓடு இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. 2021-ல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோர்டு ஃபிகோ ஓட்டப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் ஒரு பாகத்துக்குச் சென்னையிலிருந்து பார்சல் வரும்வரை அப்பாவின் டயாலிசிஸ் காத்திருக்காது. கும்பகோணத்தில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கிற வண்டி வேண்டும். அப்படிப் பார்த்தால் மாருதி, ஹூண்டாய் சின்ன வண்டிகள்தான் மிஞ்சின.

அதிலும் அண்ணன் ஒரு நுணுக்கம் சொன்னார். சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட், சிலவற்றில் டைமிங் செயின். ஐ10-லேயே 1.1 லிட்டர் எஞ்சினுக்கு பெல்ட், 1.2-க்கு செயின். 2010-க்குப் பிறகு வந்த வேகன் ஆரில் இருக்கும் கே10 எஞ்சினுக்கும் செயின்தான். ரப்பர் பெல்ட்டைக் குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டு அறுந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரலாம். முந்தைய ஓனர் மாற்றினாரா என்பதற்கு பில் இல்லாமல் பெல்ட் வண்டியை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பிறகு வண்டி பார்க்கிற படலம். புரோக்கர்கள், கன்சல்டிங் கடைகள், போன் ஆப்புகள் எல்லாவற்றையும் அலசினோம். டி-போர்டாக, அதாவது டாக்ஸியாக ஓடிப் பிறகு ஓன் போர்டாக, சொந்த உபயோகத்துக்கு மாற்றிய வண்டிகள் நிறைய வந்தன. ஆர்.சி.யைப் பார்த்துக் கேட்காமல் யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு கடையில் மீட்டர் ரீடிங் 52,000 காட்டியது. ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங்கில் கை வைக்கும் இடம் உரிந்திருந்தது. வண்டி நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம். மூன்று வருஷத்துக்கு முன்பே 78,000-த்தில் சர்வீசுக்கு வந்திருக்கிறது. எல்லா சென்டரிலும் இப்படிச் சொல்ல மாட்டார்கள், ஓனர் வந்து கேட்டால்தான் சொல்வோம் என்பார்கள். அப்போது ஓனரையே கூட அழைத்துப் போய்க் கேட்கலாம். வர மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது சிவப்பு ஸ்விஃப்டைப் பற்றி. 2015 மாடல், சென்னைப் பதிவு, பளபளவென்று இருந்தது. விலை 2.4 லட்சம். அந்த மாடல் எங்கள் பக்கம் மூன்றரைக்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்த சமயம். "ஓனர் ஃபாரின் போறாரு, அர்ஜென்ட்" என்றார் புரோக்கர். கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை மூக்கில் ஏறியது. மெக்கானிக் அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து முழுசாக வெளியே இழுத்தார். முதலில் வந்த பகுதி கறுப்பு. கடைசி ஒரு முழம் மட்டும் செம்மண் தண்ணீரில் ஊறிக் காய்ந்த துணி மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. பெல்ட்டைக் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் இருக்கும் கடைசிப் பகுதிவரை கழுவுவதில்லையாம். அப்புறம் சீட்டுக்கு அடியில் செல்போன் டார்ச் அடித்துக் காட்டினார். சீட் ஓடும் தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு. டேஷ்போர்டுக்கு அடியில் வயர் கட்டுகளின் இடுக்கில் விரலை விட்டு எடுத்தார், நுனியில் பொடிமண். என்னிடம் மெதுவாக, "வெள்ளத்துல நின்ன வண்டிம்மா, வா போவோம்" என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்த படங்களை எல்லாரும் பார்த்தோம். சரிசெய்யும் செலவு வண்டி மதிப்பை நெருங்கினால் இன்ஷூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' என்று முடித்துப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்துக்குப் போகும். அதை எடுப்பவர் கழுவி, சீட் கவர் மாற்றி, வெளியூரில் விற்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து வயர் கனெக்டர்களில் பச்சை பூத்து, சென்சார் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பிக்கும். நடுவழியில் நிற்கும் வண்டி என்றால் அதுதான்.

அன்று வீடு வந்ததும் புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து நிதானமாகப் படித்தேன். வண்டி வாங்குகிற எல்லாரும் இந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும், பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் எதுவும் செய்யாத ஒவ்வொரு வருஷத்துக்கும் அது 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். ஒரே ஓனரிடம் ஒன்பது வருஷம் இருந்த வண்டியில் அது பூஜ்யம் என்றால், போன வருஷம் கிளெய்ம் செய்திருக்கிறார்கள், அல்லது பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்திருக்கிறார்கள். அந்த ஸ்விஃப்டின் பாலிசி 2024 பிப்ரவரியில் புதிதாக ஆரம்பித்திருந்தது. போனஸ் பூஜ்யம். பழைய பாலிசியைக் கேட்டேன், பதில் வரவில்லை. பெயிண்ட்டைப் பார்த்துத் தெரியாத சங்கதி அந்த ஒரு வரியில் இருந்தது. அதற்குப் பிறகு வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே பாலிசியையும் ஆர்.சி.யையும் போட்டோ அனுப்பச் சொல்லிவிடுவேன். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை ஏதும் காட்டுகிறதா என்று ஒத்துப் பார்ப்பேன். பாதி வண்டிகளை வீட்டை விட்டு நகராமலேயே கழித்துவிட முடிந்தது.

கடைசியில் அமைந்தது 2013 வேகன் ஆர், வி.எக்ஸ்.ஐ. கும்பகோணத்துப் பதிவு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி. பார்க்க எடுப்பாக இல்லை. கூரை பெயிண்ட் வெயிலில் மங்கி, இடப்பக்க பம்பரில் கீறல். ஆனால் அவர் ஒரு ஃபைலை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். முதல் சர்வீசிலிருந்து ஒவ்வொரு பில்லும் தேதி வரிசையில். போனஸ் 50 சதவீதம். மீட்டரில் 61,000, கடைசி பில்லில் 58,400. கணக்கு இடிக்கவில்லை.

நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டிருந்தேன். விடிகாலையில் போய் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஆறிய எஞ்சின்தான் உண்மை சொல்லும். சூடான எஞ்சினில் பல சத்தங்கள் அடங்கிவிடும். முதல் சாவியிலேயே பிடித்தது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்தாற்போல் இருக்கிறதா என்று பார்த்தார் அண்ணன்; அதுவும் இல்லை. பானட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை, அதனால் கழற்றி மாட்டிய மாதிரி தெரியவில்லை. கண்ணாடிகளில் அச்சிட்டிருக்கும் வருஷம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது, எதுவும் உடைந்து மாற்றியதாகத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்ததில் குறைகளும் தெரிந்தன. வேகத்தடையில் முன்பக்கம் இடது சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். சஸ்பென்ஷனில் இருக்கும் லோயர் ஆர்ம் புஷ் என்ற ரப்பர் தேய்ந்திருந்தது. கிளட்ச் ரொம்ப மேலே பிடித்தது. டயரில் 1417 என்று இருந்தது. 2017-ன் 14-வது வாரம் தயாரானது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடு. இவற்றை ஒரு தாளில் விலையோடு எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் கேட்டது 2.65 லட்சம். தாளை இரண்டு தடவை படித்தார். "டயர் நியாயம்தாம்மா, அதுக்குக் குறைச்சுக்கிறேன். புஷ்ஷுக்கும் சரி. கிளட்ச் ஓட்டினா தேயத்தான் செய்யும், அதுக்கு என்னால குறைக்க முடியாது" என்றார். 2.42-க்கு முடிந்தது. அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது. புது வண்டிகளுக்கு ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். எங்கள் பட்ஜெட்டில் ஏர்பேக்கோடு வந்தவை எல்லாம் சரித்திரம் தெரியாத வண்டிகளாக இருந்தன. இன்னும் 50 ஆயிரம் புரட்ட முடிகிறவர்கள் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ளதைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். நான் 60-க்கு மேல் ஓட்டுவதில்லை, பின்சீட்டிலும் பெல்ட் போடாமல் கிளம்புவதில்லை.

காகித வேலையில் ஒரு சிக்கல். ஆசிரியர் 2018-லேயே கடனை அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருந்தது. ஹெச்.பி. என்கிற அந்தக் கடன் பதிவைக் கேன்சல் செய்யாமல் பெயர் மாறாது. கடன் பாக்கி இல்லை என்று பேங்கில் அப்போது வாங்கிய என்.ஓ.சி. காலாவதியாகிவிட்டதால் புதிதாக வாங்கி, படிவம் 35-ஓடு கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை 20 ஆயிரம் அட்வான்ஸ் மட்டும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டேன். ஹெச்.பி. போன பிறகு பாக்கிப் பணம், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து, இரண்டு சாவி. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதினோம். அந்த நேரத்துக்கு முன் நடந்தது அவர் பொறுப்பு, பின் நடப்பது என் பொறுப்பு. இ-சலானில் நோ பார்க்கிங் அபராதம் ஒன்று இருந்தது, அவரே கட்டினார். கையெழுத்து வாங்கிவிட்டோமே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் நம் வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்டு நிற்க முடியாது. நோ கிளெய்ம் போனஸ் ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. அதனால் அவருடைய 50 சதவீதத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தை நான் கட்டினேன்.

வாங்கிய கையோடு நாலு டயர், கிளட்ச், புஷ், பேட்டரி, எல்லா ஆயிலும் கூலன்ட்டும் மாற்றினோம். பெட்ரோலில் எத்தனால் சேர்ப்பது கூடிவிட்டதால் எரிபொருள் ஹோஸ்களையும் அண்ணன் பார்த்து, கெட்டிப்பட்டிருந்த ஒன்றை மாற்றினார். காகிதச் செலவோடு சேர்த்து ஒதுக்கிய பணம் ஏறக்குறைய தீர்ந்தது. அப்பா பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு வருகிறார். இருக்கை உயரமாக இருப்பதால் முழங்காலை மடக்காமல் ஏறி இறங்குகிறார். வாங்கும்போது நான் யோசிக்காத சௌகரியம் அது.

2028-ல் வண்டிக்கு 15 வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்தால் ஐந்து வருஷம் கிடைக்கும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. அதோடு டிங்கரிங், பெயிண்டிங் செலவும் வரும். அதற்காக இப்போதே தபால் நிலையத்தில் ஒரு ஆர்.டி. போட்டிருக்கிறேன். ஆசிரியரின் ஃபைலில் என் பில்களும் தேதி வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.